கோயில் இல்லா நகரம்

"ஒரு நகரம் கட்டுவோம்! ஆலை இருக்கட்டும், அழகிய வீடுகள் இருக்கட்டும், பள்ளி இருக்கட்டும், படிப்பகம் இருக்கட்டும், நாடக அரங்கு இருக்கட்டும். கோயில் மட்டும் கூடாது! இரண்டே தலைமுறையில் மடமை தானே மாண்டொழியும்!"

சென்ற திங்கள் எங்கள் படிப்பகத்தில் நடந்த சொற்போரில் தோழர் ஒருவர் இப்படி முழங்கினார். கையொலி கூரையைப் பிளந்தது. நானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான் நினைவு வந்தது: அப்படி ஒரு நகரத்தைக் கட்டிப் பார்த்துவிட்டார்களே! அதற்கு என்ன நேர்ந்தது என்று மேடையிலேயே ஏன் எழுந்து கேட்கவில்லை என்று என்னை நானே நொந்துகொண்டேன். அன்று கேட்காததை இங்கே எழுதுகிறேன். அந்நகரை நான் நேரில் கண்டதில்லை. நூல்களிலும் நிழற்படங்களிலும் கண்டதை வைத்தே பேசுகிறேன்.

போலந்து நாட்டில், மன்னர்கள் முடிசூடிய பழம்பெரும் கிராக்கோவ் நகருக்குக் கிழக்கே, விஸ்துலா ஆற்றை அடுத்த கழனிகளில், 1949-ஆம் ஆண்டு கடைக்கால் தோண்டினர். நகரின் பெயர் நோவா ஹூத்தா. அவர்கள் மொழியில் 'புதிய உருக்காலை' என்பது பொருள். ஆலையின் பெயரே ஊரின் பெயர்! நடுவே பெரியதொரு சதுக்கம். அதிலிருந்து விசிறி விரிந்தாற்போல் அகன்ற வீதிகள். வீதிகளின் இருமருங்கும் தொழிலாளர் குடியிருப்புகள். ஒரு நூறாயிரம் மக்கள் வாழ்வதற்கென வரையப்பட்ட திட்டம் அது. 1951-இல் அதனைக் கிராக்கோவோடு இணைத்தனர். 1954 ஜூலையில் முதல் ஊது உலை எரியத் தொடங்கியது. ஆலைக்கு லெனின் பெயரைச் சூட்டினர். பின்னாளில் அதன் உச்ச நிலையில் ஏறத்தாழ 40,000 பேர் அங்கே பணிபுரிந்தனர்.

பேராசிரியரும் பாதிரியாரும் பழங்குடிச் செல்வரும் நிறைந்த கிராக்கோவ், புதிய ஆட்சிக்குப் பணிய மறுத்த நகரம். அதன் மார்புக்கு நேரே ஒரு பாட்டாளிப் படையை நிறுத்தவே இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பாரும் உண்டு. ஆற்று நீரும் இரயில் பாதையும் அருகிருந்ததே காரணம் என்பாரும் உண்டு. அந்த வழக்கை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடுவோம்.

புகழவேண்டியதைப் புகழாமல் மேலே செல்வது அறமாகாது. சிற்றூர்க் குடிசையிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த உழவன் மகனுக்குக் குழாயில் நீர் வரும் வீடு கிடைத்தது. அவன் மனைவியின் பேறுகாலத்துக்கு மருத்துவமனை கிடைத்தது. குழந்தைக்குப் பள்ளி கிடைத்தது. 1955-இல் மக்கள் நாடக அரங்கம் ஒன்றும் திறக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணை மேலாளின் அதட்டலை மட்டுமே கேட்ட செவிகள், நாடக மேடையின் உரையாடலைக் கேட்டன. இவை சிறு செயல்களா? இவற்றைச் செய்தவர்களின் மீதுதான் பின்னால் குற்றம் சாற்றப்போகிறேன். அதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அத்திட்டத்தில் கோயில் இல்லை. வரைபடத்தில் இல்லை என்பதே சரி, மண்ணில் இருந்தது. 'கோயில் இல்லா நகரம்' என்று நண்பரும் பகைவரும் ஒருங்கே பேசுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆலைக்கு அருகிலேயே வண்டா மேடு என்றொரு மண்மேடு இருக்கிறது. கிறித்தவம் அந்நாட்டில் கால்வைப்பதற்கு முன்னரே எழுந்தது என்று கருதப்படும் மேடு. அயல்நாட்டு இளவரசனை மணக்க மறுத்து ஆற்றில் மூழ்கி மாண்ட அரசகுமாரியின் சமாதி என்பது கதை. அதற்கு அருகே மோகிவா என்னும் சிற்றூர். 1222-ஆம் ஆண்டை ஒட்டி சிஸ்டர்சியத் துறவிகள் அங்கே அமர்ந்தனர். அவர்களது மடத்துக் கோயிலில் ஒரு சிலுவை உருவம். தலையில் உண்மையான மயிர் பொருத்திய உருவம். 15-ஆம் நூற்றாண்டில் கோயில் தீப்பற்றியபோது உருவம் மட்டும் கருகாமல் தப்பியது என்று நம்பி இன்றும் மக்கள் திரள்கிறார்கள். தீ எங்கே தொடங்கியது, காற்று எப்பக்கம் வீசியது, எந்தக் கை அதை வெளியே தூக்கி வந்தது என்று கேட்பாரில்லை. நம்மூரானாலும் அவ்வூரானாலும் அற்புதத்தின் இலக்கணம் ஒன்றே!

மடத்துக்கு எதிரே மரத்தாலான ஒரு சிறு கோயில் உண்டு. அதன் வாயில் நிலையை 1466-இல் செதுக்கிய தச்சன், தன் பெயரையும் அதில் பொறித்திருக்கிறான். மாச்சேய் மொன்ச்கா என்பது அவன் பெயர். கட்டுவித்த மன்னனின் பெயரையே கல்வெட்டில் படித்துப் பழகிய நமக்கு, கட்டியவனின் பெயரைப் படிக்கும்போது ஒரு நிமிடம் நிற்கத் தோன்றுகிறது. மற்றவர்கள் உள்ளே இருக்கும் உருவத்தை வணங்கட்டும். நான் அந்த வாயில் நிலையோடு நின்றுகொள்வேன்.

ஆக, புதிய நகரத்தின் பாட்டாளி ஞாயிறன்று செல்லப் பழைய கோயில்கள் இருந்தன. போதவில்லை. சிற்றூரிலிருந்து வந்தவன் கோடரியையும் அரிவாளையும் விட்டுவிட்டு வரலாம்; அன்னை சொல்லித் தந்த வேண்டுதலை விட்டுவிட்டு வருவானா? 1956 அக்டோபரில் கோமுல்கா ஆட்சித் தலைமைக்கு வந்தார். பிடி சற்றுத் தளர்ந்தது. கோயில் கட்ட அனுமதி கேட்டார்கள், கொடுத்தார்கள். 1957 மார்ச்சில் குறித்த இடத்தில் மரச் சிலுவை ஒன்றை நட்டார்கள். இடம் எது தெரியுமா? மார்க்சு தெருவும் மாயகோவ்ஸ்கி தெருவும் கூடும் முனை! கதாசிரியன் எழுதினால் மிகையென்று நீக்கிவிடுவோம். வரலாறு எழுதிவிட்டது.

பின்னர்ப் பிடி மீண்டும் இறுகியது. அனுமதி மீட்கப்பட்டது. "அவ்விடத்தில் கோயில் இல்லை, பள்ளிக்கூடம் வரும்" என்றனர்.

தோழர்களே, இங்கேதான் என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. நான் பள்ளி ஆசிரியன். கோயிலா பள்ளியா என்று எவர் கேட்டாலும் தூக்கத்திலும் 'பள்ளி' என்று விடை சொல்லுகிறவன். போலந்து நாட்டின் அந்நாளைய முழக்கத்தைப் படித்தபோது என் உள்ளம் துள்ளியது. 966-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசன் கிறித்தவம் தழுவினான். 1966-இல் ஆயிரமாண்டு நிறைவு. திருச்சபை அதைத் திருமுழுக்கின் ஆயிரமாண்டு என்று கொண்டாட விழைந்தது. அரசோ நாடு பிறந்த ஆயிரமாண்டு என்று பெயரிட்டு, 'ஆயிரமாண்டுக்கு ஆயிரம் பள்ளிகள்' என்று 1958-இல் அறிவித்தது. ஆயிரத்தையும் தாண்டிக் கட்டியும் முடித்தது. திருவிழாவுக்கு வாணவேடிக்கை விடாமல் வகுப்பறை கட்டிய அரசை யார்தான் வாழ்த்தமாட்டார்கள்?

ஆனால் அந்த ஆயிரத்தில் ஒன்றை, வேறெங்கும் இடமில்லாததுபோல், அந்தச் சிலுவை நின்ற திடலில்தான் கட்டவேண்டும் என்றார்கள். கழனிகளை வளைத்து ஒரு நகரத்தையே எழுப்பியவர்களுக்கு ஒரு பள்ளிக்கு மனை கிடைக்கவில்லையாம்!

1960 ஏப்ரல் 27. சிலுவையைப் பிடுங்கக் காலையில் ஆட்கள் வந்தார்கள். முதலில் தடுத்தவர்கள் பெண்கள். கடைக்குப் போனவர்களும் குழந்தையை அழைத்துப் போனவர்களும் கூடிச் சிலுவையைச் சூழ்ந்து நின்றார்கள். ஆலையின் வேலைமுறை முடிந்ததும் ஆண்களும் வந்து சேர்ந்தார்கள். கூட்டம் ஆயிரக்கணக்காயிற்று. காவற்படை வந்தது, தடி வந்தது, கண்ணீர்ப்புகை வந்தது, துப்பாக்கியும் வெடித்தது. இரவெல்லாம் கலகம். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், பலர் சிறை சென்றனர். லெனின் பெயர் தாங்கிய ஆலையின் தொழிலாளியை, தொழிலாளர் அரசின் காவலன், ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரால் அடித்தான்!

முடிவில் பள்ளி கட்டப்பட்டது. சிலுவையும் அங்கேயே நின்றது.

அன்று அங்கே நின்றிருந்தால் எப்பக்கம் நின்றிருப்பேன் என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். சிலுவையை நான் வணங்குபவனல்லன். ஆயினும் தடியைத் தூக்கியவன் பக்கம் என் கால் போகாது. அந்தப் பெண்கள் எதற்காக நின்றார்கள்? பக்திக்காக நின்றார்கள் என்பது உண்மை. அதை மறைத்து, 'உண்மையில் அது பொருளாதாரப் போர்' என்று நம் வசதிக்கேற்ப மாற்றி எழுதுவது நேர்மையாகாது. ஆனால் பக்தி மட்டுமா? கொடுத்த சொல்லை அரசு பறித்தது. கேட்க ஏடு இல்லை; கூட உரிமையில்லை; வழக்காட மன்றம் இல்லை; தொழிற்சங்கமோ ஆட்சியின் கைப்பாவை. வீடு, வீதி, வேலை, பள்ளி, சதுக்கம், சதுக்கத்தின் பெயர் எல்லாவற்றையும் மேலிருந்து ஒருவர் தீர்மானித்துக் கொடுத்த நகரத்தில், அந்த மக்கள் தம் கையால் நட்டது அந்த ஒரு மரம்தான். அதைப் பிடுங்க வந்தார்கள்.

நாம் என்ன செய்தோம்? தெருமுனையில் மேடை போட்டோம், கேள்வி கேட்டோம், கல்லெறி பட்டோம், மறுநாளும் அதே தெருவில் மேடை போட்டோம். எதிரே நின்றவனுக்கு மறுத்துப் பேச இடமிருந்தது. அவன் மறுத்ததால்தான் நம் வாதம் கூர்மையடைந்தது. எதிர்வாதம் செய்வோரைச் சிறையில் அடைத்த இடத்தில் நாத்திகம் அரசாங்க அறிவிப்பாகிவிட்டது. அறிவிப்பை எவன் நெஞ்சில் வைத்துக்கொள்வான்?

சரி, அதன்பின் கோயில் எழுந்ததா? எழுந்தது. பழைய இடத்திலன்று, பியென்சித்சே என்னும் பக்கத்துப் பகுதியில். அங்கே சிறு வழிபாட்டுக் கூடம் ஒன்றே இருந்தது. மக்கள் மழையிலும் பனியிலும் வெளியே நின்றார்கள். கரோல் வோய்த்திவா என்ற இளம் ஆயர் 1959 முதல் கிறித்துமசு நள்ளிரவில் அந்நகரின் திறந்த வெளியில் வழிபாடு நடத்தினார். அவரே பின்னாளில் போப்பாண்டவர் இரண்டாம் அருள் சின்னப்பர். 1967-இல் அனுமதி கிடைத்தது; அவ்வாண்டு அக்டோபரில் அவரே மண்வெட்டி பிடித்தார்; 1977 மே 15 அன்று, கர்தினாலாக இருந்த அவரே திறந்துவைத்தார். பத்து ஆண்டு உழைப்பு. கோயிலின் பெயர் 'ஆண்டவரின் பேழை'.

கட்டடத்தைக் கட்டடமாகப் பார்ப்போம். வோய்ச்செக் பியெட்ஷிக் என்பார் வரைந்தது. வெள்ளத்தில் மிதந்து மலையுச்சியில் தங்கிய நோவாவின் கப்பல் போன்ற உருவம். வளைந்தெழும் பைஞ்சுதைக் கூரை. அதன் நடுவே 70 மீட்டர் உயரத்தில் பாய்மரம்போல் நிமிரும் சிலுவை. பிரான்சு நாட்டு ரோன்ஷாமில் லெ கார்பூசியே 1955-இல் முடித்த கோயிலின் சாயல் இதில் உண்டென்று அனைவரும் சொல்வர், பார்த்தவுடன் தெரிகிறது. வெளிச்சுவர் முழுதும் ஆற்றுக் கூழாங்கற்கள். ஏறத்தாழ இருபது இலட்சம் கற்கள்! நாடெங்கிலுமிருந்து மக்கள் பொறுக்கிக் கொண்டுவந்தவை. அரசு பொருளுதவி செய்யவில்லை; கூலியாட்கள் மட்டுமல்லாமல் பகல் முழுதும் உலையருகே வெந்த தொழிலாளர்களும் வந்து உழைத்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். எதிர்காலத்தை உரிமை கொண்டாடிய அரசு, தன் தொழிலாளிக்கு எப்படிப்பட்ட வீடு கட்டிற்று? தூண், வளைவு, மாடத்து விளிம்பு என்று மறுமலர்ச்சிக் காலத்து அரண்மனையின் ஒப்பனையைக் கடன் வாங்கிற்று. சோவியத்து நாட்டிலிருந்து வந்த கட்டளைக் கலை அது. ஆயிரமாண்டுப் பழைமை பேசும் திருச்சபையோ, நூற்றாண்டின் புதுமைமிக்க வடிவத்தைத் தேர்ந்தது. புதுமை பேசியவன் பழைய சட்டையை மாட்டிக்கொண்டான்; பழைமை பேசியவன் புதுச் சட்டையைத் தைத்துக்கொண்டான். கலையைத் தடை செய்தவர்களால் காலத்தை வெல்ல முடியவில்லை.

உள்ளே செல்வோம். பிரோனிஸ்லாவ் ஹ்ரோமியின் ஏசு உருவம் அங்கே இருக்கிறது. ஆணியில் தொங்கும் வழக்கமான உருவமன்று. வில்லாக வளைந்து முன்னோக்கித் தாவுவதுபோல் இருக்கிறது. அடிபட்டவன் எழுகின்ற தோற்றம். நல்ல சிற்பம், பாதிரியாருக்கு உரியதாயினும் நல்ல சிற்பமே. மாதா உருவம் ஒன்றும் உண்டு. 1944-இல் இத்தாலியின் மோண்டி காசினோப் போரில் புண்பட்ட போலந்துப் போர்வீரர்களின் உடல்களிலிருந்து எடுத்த குண்டுச் சிதறல்களை உருக்கி வார்த்தது. உருக்கு நகரத்துக்கு அதைவிடப் பொருத்தமான உருவம் ஏது? படத்தில் கண்டபோது மெய் சிலிர்த்தது. பிறகுதான் அடுத்த எண்ணம் எழுந்தது. குண்டு தாங்கியவன் மனிதன். கத்தி பிடித்துக் குண்டை எடுத்தவன் மருத்துவன். வணக்கம் மட்டும் மாதாவுக்கா?

இன்னொன்று. திருவுணவுப் பேழையில் நிலவிலிருந்து அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த படிகக்கல் பதித்திருப்பதாகச் சொல்லுகிறார்கள். பூமி சுழல்கிறது என்று சொன்ன கலிலியோவை 1633-இல் மண்டியிடச் செய்த திருச்சபை, கணிதத்தின் துணையால் நிலவுக்குச் சென்றவன் கொண்டுவந்த கல்லைக் கருவறையில் வைத்துக்கொண்டது! அறிவின் விளைச்சலை அறுவடை செய்வதில் அவர்கள் என்றும் பின்தங்கியதில்லை.

நகைப்பது எளிது. அடுத்து வந்த ஆண்டுகளை எண்ணும்போது நகைப்பு நின்றுவிடுகிறது. 1979-இல் போப்பாண்டவராகத் தாய்நாடு திரும்பிய வோய்த்திவா, தாம் எழுப்பிய பேழைக்குச் செல்ல ஆட்சியாளர் இசையவில்லை. நகர விளிம்பில் இருந்த பழைய மோகிவா மடத்தில்தான் பேசினார். 1222-இன் கோயில், 1977-இன் கோயிலுக்கு வாய் கொடுத்தது! 1981 டிசம்பரில் போர்க்காலச் சட்டம் வந்தது. ஒற்றுமை என்னும் தொழிற்சங்கம் நசுக்கப்பட்டது. 1982 அக்டோபர் 13 அன்று, ஆர்ப்பாட்டம் நடந்த மாலையில், பேழைக்கு அருகே போக்தான் வ்லோசிக் என்ற இருபது வயது ஆலைத் தொழிலாளியைப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவன் சுட்டுக் கொன்றான். இருபது வயது. அவனுக்கு அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது.

அந்நாட்களில் மிஸ்ட்ஷெயோவித்சே பகுதியில் 1983-இல் திறக்கப்பட்ட மற்றொரு புதுக் கோயிலில், யான்சாஷ் என்ற பாதிரியார் தொழிலாளர்க்கெனக் கிறித்தவப் பல்கலைக்கழகம் என்றொன்று நடத்தினார். தடை செய்யப்பட்ட வரலாறு, பொருளாதாரம், சட்டம் ஆகியவற்றைப் பற்றி அறிஞர்கள் அங்கே பேசினார்கள். ஆலைத் தொழிலாளி கேட்டான். வேறு எங்கே போவான்? பகுத்தறிவாளன் நடத்தியிருக்க வேண்டிய படிப்பகத்தைப் பாதிரியார் நடத்தினார். நம் படிப்பகத்துச் சொற்போரில் முழங்கிய தோழர் இந்த ஓரிடத்தை மட்டுமாவது இருமுறை படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பாதிரியார் கதையும் அதோடு முடியவில்லை. 1989-இல் ஆட்சி சரிந்தது. 1973-இல் நிறுத்திய லெனின் சிலையை அவ்வாண்டு டிசம்பரில் பெயர்த்தெடுத்தார்கள். மறு ஆண்டே, 1990-இல், அரசுப் பள்ளிகளில் சமயப் பாடம் நுழைந்தது. 1960-இல் சிலுவையின் இடத்துக்குப் பள்ளியை அனுப்பினார்கள். முப்பது ஆண்டில் சிலுவையின் பாடம் பள்ளிக்குள் வந்து அமர்ந்தது! 1993-இல் கருக்கலைப்புக்குக் கடுந்தடை விதிக்கும் சட்டம் வந்தது. திருச்சபை அதற்குப் பின்னே நின்றது. 2020 அக்டோபரில் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் தடையை மேலும் இறுக்கியபோது, பெண்கள் நூறாயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். கிராக்கோவிலும் வந்தார்கள். தம் உடலைப் பற்றிய தீர்மானத்தைத் தம்மைக் கேளாமல் எடுத்தவர்களைக் கேள்வி கேட்டார்கள். சிலுவையைச் சூழ்ந்து நின்ற அந்தப் பெண்களின் பேத்திமார் சிலரும் அக்கூட்டத்தில் இருந்திருக்கக் கூடும். அன்று உரிமைக்குக் கூரை தந்த கோயில், வென்றபின் மற்றவர் உரிமைக்குக் கதவு சாத்தியது. இதையும் சொல்லாமல் பேழையை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போகும் பயண நூல்கள் பாதிக் கதையே சொல்லுகின்றன.

ஆலையோ? லெனின் பெயரை 1990-இல் எடுத்துவிட்டு, செண்ட்சிமிர் என்ற பொறியியல் வல்லுநரின் பெயரை வைத்தார்கள். பின்னர் அயல்நாட்டு முதலாளியின் கைக்குப் போயிற்று. கடைசி ஊது உலையும் 2020-இல் நிலையாக மூடப்பட்டது. நகரத்துக்குப் பெயர் தந்த நெருப்பு அது.

சொற்போரில் முழங்கிய தோழரிடம் இவற்றையெல்லாம் நேற்று மாலை சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்தப் பள்ளி இன்னும் நடக்கிறதா ஐயா?" என்று கேட்டார். கோயிலைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த ஞாயிறு சொற்போருக்கு 'பள்ளியைக் கட்டுவது எப்படி' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறோம். எதிர்த்துப் பேச, கோயில் அறங்காவலரின் மகனையும் அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.